எதிர்னா எத்தனை எதிர்?

தங்கச்சி: பெரியப்பா, ஆபீஸுக்கு ஒரு மெயில் எழுதணும். ஷிஃப்ட் மாத்துறதை எதிர்க்கிறேன்னு சொல்ல 'ஐ அப்போஸ் டு தி சேஞ்ச்' சரியா?

பெரியப்பா: 'டு' வேண்டாம்மா. 'ஐ அப்போஸ் தி சேஞ்ச்', அவ்வளவுதான். 'டு' வரணும்னா 'ஐ ஆம் அப்போஸ்ட் டு தி சேஞ்ச்'. நீ ரெண்டையும் கலந்துட்ட.

அண்ணன்: நானும் இத்தனை நாளா அப்படித்தான் எழுதிட்டு இருக்கேன் 😯 அப்ஜெக்ட்னு போட்டா?

பெரியப்பா: அதுக்கு 'டு' கட்டாயம் வேணும். 'ஐ அப்ஜெக்ட் டு தி சேஞ்ச்'. அடுத்து வினை வந்தா 'இங்' சேரும்: 'ஐ அப்ஜெக்ட் டு ஒர்க்கிங் அட் நைட்'. 'டு ஒர்க்'னு எழுதினா தப்பு.

பெரியப்பா: ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. அப்ஜெக்ட்னா ஆட்சேபம், சொல்றதோட நிக்கலாம். அப்போஸ்னா அதை நடக்கவிடாம தடுக்கப் பார்க்கிறது வரைக்கும் போகும். உனக்கு எது?

தங்கச்சி: தடுக்கல்லாம் இல்ல பெரியப்பா. எனக்கு ஒத்துவராதுன்னு சொல்லணும்.

பெரியப்பா: அப்போ 'ஐ ஆம் நாட் இன் ஃபேவர் ஆஃப் தி சேஞ்ச்' போதும். மேலதிகாரிக்கு அப்ஜெக்ட்டே கொஞ்சம் காரம்தான்.

சித்தி: என் பொண்ணு 'ஐ அகெயின்ஸ்ட் இட்'னு எழுதுறா.

பெரியப்பா: அகெயின்ஸ்ட் வினைச்சொல் இல்லம்மா, 'ஆம்' இல்லாம நிக்காது. நமக்கு 'எதிர்'ங்கிற ஒரே சொல்லே எதிர்க்கிறேன், எதிரே, எதிரி எல்லாத்துக்கும் வேலை செய்யுது. இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணுக்கும் தனிச் சொல். குழந்தை தடுமாறுறது இயல்புதான், திட்டாதே.

சித்தி: திட்டல. ரோட்டுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற கடையை 'இன் ஃப்ரண்ட் ஆஃப்'னுதான் நானே சொல்லிக் கொடுத்தேன் 🙁

பெரியப்பா: அது 'அப்போசிட்'. நடுவுல ரோடு இருந்தா அப்போசிட். நம்ம வாசலுக்கு முன்னாடியே ஒரு வண்டி நின்னா இன் ஃப்ரண்ட் ஆஃப்.

தங்கச்சி: பெரியப்பா, அடுத்த வரி. 'தி மார்னிங் ஷிஃப்ட் சூட்ஸ் மீ. ஆன் தி கான்ட்ரரி, தி நைட் ஷிஃப்ட் டஸ் நாட்.'

பெரியப்பா: இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க. 'ஆன் தி கான்ட்ரரி' சொன்னா, முன்னாடி வந்த கருத்து தப்புன்னு அர்த்தம். 'உனக்கு அந்த வேலை பிடிக்கலையா?'ன்னு ஒருத்தர் கேட்டா, 'ஆன் தி கான்ட்ரரி, ஐ லவ் இட்'னு மறுக்கலாம். நீ எதையும் மறுக்கல. ரெண்டுமே உண்மை, பக்கத்துல வச்சுக் காட்டுற. அதுக்கு 'பை கான்ட்ராஸ்ட்'.

அண்ணன்: தமிழ்ல ரெண்டுக்கும் 'மாறாக'னு போட்டுடுவோம்ல, அதான் குழப்பம்.

பெரியப்பா: அதேதான்பா. ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'வித்'துக்குப் பழைய இங்கிலீஷ்ல 'எதிராக'ன்னுதான் பொருள். 'எதிர்த்து நிக்கிறது'ங்கிற பொருள்ல வர்ற வித்ஸ்டாண்ட்ல அது இன்னும் ஒட்டிட்டு இருக்கு. 'ஃபைட் வித்'னா எதிர்த்துச் சண்டையா, சேர்ந்து சண்டையான்னு இடத்தைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும்.

சித்தி: நாமளும் 'அவனோட சண்டை போட்டேன்'னுதானே சொல்றோம்!

பெரியப்பா: ஆமாம்மா! கூட நின்னு போட்டா 'சேர்ந்து'ன்னு ஒரு சொல் போட வேண்டியிருக்கு.

தங்கச்சி: 'ஐ ஆம் நாட் இன் ஃபேவர் ஆஃப் தி சேஞ்ச். தி மார்னிங் ஷிஃப்ட் சூட்ஸ் மீ. தி நைட் ஷிஃப்ட், பை கான்ட்ராஸ்ட், டஸ் நாட்.' இப்போ?

பெரியப்பா: அனுப்பும்மா 👍