பறக்கும்போது ரிசீவர் அணைந்து எழுகிறது: தனி பி.இ.சி. (பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தரும் சுற்று) பொருத்த வேண்டுமா?

அன்பர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில், செம்பனை சூழ்ந்த ஒரு தோட்டத்துத் திடலில் 1.2 மீட்டர் இறக்கை கொண்ட, ரிமோட்டில் இயங்கும் ஃபோம் மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டு வருகிறேன். 3 செல் லிப்போ பேட்டரி, 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), நான்கு சர்வோக்கள் (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்). சில நிமிடங்கள் ஒழுங்காகப் பறந்தபின், ஏய்லரானையும் (இறக்கை மடல்) எலிவேட்டரையும் (வால் மடல்) சேர்த்து இழுக்கும் திருப்பங்களில் கட்டுப்பாடு ஓரிரு நொடி அறுந்து மீண்டும் வருகிறது. தரையிறக்கியதும் பார்த்தால் ரிசீவர் விளக்கு சிமிட்டுகிறது, இ.எஸ்.சி.யோ கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது.

சிக்னல் எட்டும் தூரத்தைப் பார்க்கும் ரேஞ்ச் சோதனையில் குறையில்லை. ஆன்டெனாக்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று 90 பாகையில்தான் உள்ளன. ஆகவே சிக்னலைவிட மின்னழுத்தத்தையே சந்தேகிக்கிறேன். இ.எஸ்.சி.க்குள் இருப்பது 2 ஆம்பியர் லீனியர் பி.இ.சி.; முழுதாக ஏறிய பேட்டரியின் 12.6 வோல்ட்டை அது 5 வோல்ட்டாக இறக்கும்போது, மீதி 7.6 வோல்ட் வெப்பமாகவே வீணாகிறது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

குறைவாகச் சூடாகும் 5 ஆம்பியர் சுவிட்சிங் வகை பி.இ.சி. ஒன்றைத் தனியாகப் பொருத்தினால், இ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்புக் கம்பியை மட்டும் பிளக்கிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிட்டால் போதுமா? விமான உடலில் காற்று வெளியேறும் துளையைப் பெரிதாக்குவதால் மட்டுமே பயன் கண்டவர்கள் உண்டா? ஈப்போ வட்டாரத்தில் இப்பொருள் கிடைக்கும் கடை தெரிந்தாலும் தெரிவித்து உதவுங்கள்.