புதுப்பிப்பு: ஒழுங்கை விழாவில் தவில், கூத்து, றபான்

எங்கள் ஒழுங்கை (சிறு தெரு)க் கலைவிழாவில் யாழ்ப்பாணத்து இணுவில் தவில் நாதஸ்வரம், குருநகர்க் கூத்து, சோனகதெரு முஸ்லிம்களின் றபான் (ஒருபக்கம் தோல் கட்டிய கைப்பறை) மூன்றும் ஒரே மேடையில் வந்தால் தவில் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுமே, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"தவிலுக்கு மைக்கே வேண்டாம், மேடையை விட்டு இறக்கிவிடுங்கள்" என்று ஓர் அண்ணா எழுதியதுதான் சரிவந்தது. நாதஸ்வரக் குழு ஒழுங்கை முகப்பிலிருந்து வாசித்தபடி நடந்து வந்தது; சனமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. மேடையில் கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்கு ஒரு மைக், பிற்பாட்டுக்கு ஒன்று. மத்தளத்துக்கு வைக்கவில்லை, பாட்டு வரி வடிவாகக் கேட்டது. றபானை முதலில் போடச் சொன்ன யோசனை எடுபடவில்லை. மஃரிப் (அந்தித்) தொழுகை முடிந்துதானே றபான்காரர் வரலாம்!

நினையாத சோலி ஒன்று: இரவு ஈரக்காற்றில் றபான் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகிவிட்டது. பக்கத்து வீட்டில் சிரட்டைக்கரி வாங்கி மூட்டி, தோலைத் தணலில் காட்டுவதும் விரலால் தட்டிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பிள்ளைகள் மேடையை விட்டு அங்கேதான் நின்றார்கள். இப்படி விழா வைப்பவர்கள் தணல்சட்டி ஒன்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பிளாஸ்டிக் தோல் என்றால் மட்டும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.