கலைச்சொல்: armorial porcelain என்பதற்கு ‘இலச்சினைப் பீங்கான்’ சரியா?

> ‘முத்திரைப் பீங்கான்’ என்று வைத்தால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். சீனப் பாத்திரத்தின் அடியில் பேரரசரின் ஆட்சிப்பெயரை எழுதுவார்களே, ‘முத்திரை’ அதற்கு வேண்டும். இங்கே பேசுவது தட்டின் முகத்தில் தீட்டிய ஐரோப்பியக் கேடயச் சின்னம். ‘விருது’ பழைய பொருளில் (அடையாளச் சின்னம்) கச்சிதம். இன்று ‘விருதுப் பீங்கான்’ என்றால் பரிசுக்கோப்பையைத் தேடுவார்கள். ‘குலச்சின்னம்’ பாதி சரி. 1720 வாக்கில் டச்சு மாகாணங்கள், நகரங்களின் சின்னங்களைத் தீட்டிய தட்டு வரிசையே உண்டு. நகரத்துக்கு ஏது குலம்? ஆகவே ‘இலச்சினைப் பீங்கான்’. ‘சீன ஏற்றுமதி’ என்ற அடையை முதல் இடத்தில் மட்டும் சேர்க்கலாம். ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையும் இலச்சினை தீட்டியிருக்கிறது.

---

> துணைச்சொற்கள்?

மூன்று அவசியம். சீனாவின் பீங்கான் நகரான ஜிங்டெசென்னில், இன்னும் சுடாத பச்சை மண் பாத்திரத்தில் கோபால்ட்டால் வரைந்து, மெருகு (கண்ணாடி போன்ற மேற்பூச்சு, glaze) பூசி, ஏறத்தாழ 1300 டிகிரியில் சுடுவது ‘மெருகடி நீலம்’. சுட்ட வெள்ளைப் பாத்திரத்தைக் கான்டன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து எனாமலால் (கண்ணாடிப்பொடி கலந்த வண்ணம்) தீட்டி, சிறு சூளையில் 700–800 டிகிரியில் மறுபடி சுடுவது ‘மெருகுமேல் வண்ணம்’. காலம் கணிக்க இது உதவும்: பொன்னிலிருந்து எடுத்த இளஞ்சிவப்பு எனாமல் 1720களில்தான் பரவியது. அது உள்ள தட்டுக்கு 1700 என்று போடாதீர்கள்.

பொன்பூச்சு கடைசியில், இன்னும் குறைந்த சூட்டில் ஏறுவதால் முதலில் தேயும். கேடயத்தில் வெள்ளையாகத் தெரிவது வெள்ளி நிறமா, தேய்ந்த பொன்னா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூன்றாவதாக ‘நிறக்கோடு’. கறுப்பு மையில் அச்சிடும் செதுக்குப்படத்தில் சின்னத்தின் நிறத்தைக் கோட்டால் காட்டுவது மரபு: நெடுக்குக்கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன். புத்தகத்தில் ஒட்டும் உரிமையாளர் சீட்டையே மாதிரியாக அனுப்பியதால், கான்டன் ஓவியர் சிலர் கோடுகளையே படியெடுத்தனர். நிறம் குறித்த கைக்குறிப்பை எழுத்து மாறாமல் தட்டில் தீட்டியதும் உண்டு. அவர்களைச் சிரிப்பது நியாயமில்லை. மாதிரி போய்ச் சரக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகும், இடையில் யாரிடம் கேட்பது?

---

மறுமொழி: ‘நிறக்கோடு’ நன்று. ‘மெருகடி’ மட்டும் காலடி போல ஒலிக்கிறது. நீண்டாலும் ‘மெருகின்கீழ் நீலம்’ என்போமே. இன்னொன்று, இலங்கையில் பீங்கான் என்றாலே சாப்பாட்டுத் தட்டு. பட்டியலில் சாடிக்கும் இதே தலைப்பு வருவதால், பாத்திர வகையைத் தனிக் கட்டத்தில் குறிக்க வேண்டும்.