மறுமொழி: சேம்பர் மியூசிக்கிற்குத் தமிழில் ‘அறை இசை’யா, ‘சில்லியம்’ என்பதா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். சேம்பர் மியூசிக் என்பது சில கலைஞர்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை; ‘சேம்பர்’ என்றால் அறை. அதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘சில்லியம்’.

> ‘அறை இசை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்வோமே.

ஐயா, புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அறை இந்த இசைக்குப் பிறந்த வீடு, அவ்வளவே. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் ‘காலத்தின் முடிவுக்கான’ நால்வர் படைப்பு 1941 ஜனவரி 15 அன்று முதன்முதலில் ஒலித்தது ஜெர்மனியின் கெர்லிட்ஸ் போர்க்கைதி முகாமின் கொட்டகையில். எதிரே கைதிகளும் காவலர்களும். கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்று சேர்ந்ததற்குக் காரணம், முகாமில் அகப்பட்டிருந்த கலைஞர்கள் அவர்கள்தாம். பியானோ வாசித்தது மெசியானே. கொட்டகையில் வாசித்ததால் அது சேம்பர் மியூசிக் ஆகாமல் போய்விடவில்லை. ஒவ்வொரு பங்கையும் ஒரே ஆள் வாசிக்க வேண்டும். இலக்கணம் அதுதான், இடம் அல்ல.

ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச், நான்கு நரம்பு வாத்தியங்களுக்கு எழுதிய நால்வர் படைப்புகளில் எட்டாவதைக் கேட்டுப் பாருங்கள். 1960 ஜூலையில் டிரெஸ்டனுக்கு அருகே மூன்றே நாளில் எழுதியது. பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்கள் நினைவாக என்பது காணிக்கை. ஆனால் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இதை எழுதியவனின் நினைவுக்கே காணிக்கையாக்கலாம் என்கிறார். தொடக்கத்தில் செல்லோ ஒன்றே நான்கு சுரம் வாசிக்கிறது: டி, எஸ், சி, எச். ஜெர்மன் முறையில் அவர் பெயரின் எழுத்துகள். சி-யை ஷட்ஜமாக வைத்தால் ரி க ச நி, நம் கீரவாணியில் வரும் அதே சுரங்கள். நான்காம் பகுதியில் மூன்று முரட்டு அடிகள் திரும்பத் திரும்ப விழுகின்றன. நள்ளிரவில் கதவு தட்டுவதாகவே எனக்குக் கேட்கிறது. பிறகு, சிறையில் மாண்ட தோழனுக்காக ரஷ்யப் புரட்சியாளர்கள் பாடிய இரங்கல் மெட்டு வருகிறது.

இதையே இசை நடத்துநர் பர்ஷாய், ஒவ்வொரு பங்கையும் பலர் வாசிக்கும்படி மாற்றி அமைத்தார். பெயர் ‘சேம்பர் சிம்பொனி’. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றைச் செல்லோவின் தனிமை கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. நம் சொல் இந்த வேறுபாட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் ‘பல்லியம்’ இருக்கிறது. திருமுருகாற்றுப்படையில் ‘அந்தரப் பல்லியம் கறங்க’ என்று வரும். இயம் என்றால் வாத்தியம். பல் + இயம் பல்லியம் என்றால், சில் + இயம் சில்லியம். நால்வர் வாசிப்பது நாலியம், மூவர் வாசிப்பது மூவியம். ஷொஸ்டகோவிச்சினுடையது நரம்பு நாலியம். மெசியானுடையது வெறும் நாலியம்.

> ‘நால்வரிசை’ போதாதா?

அம்மா, எழுதிப் பாருங்கள், ‘நால் வரிசை’ என்றுதான் கண் படிக்கிறது. தவிர, வாசிப்பவர்களையும் படைப்பையும் பிரிக்க வேண்டும். நால்வர் ஆட்கள், நாலியம் படைப்பு. நான்கு வில் வாத்தியம் என்று ‘நால்வில்’ என்றாலோ வில்லுப்பாட்டு நினைவுக்கு வந்துவிடும்.

மார்க்சியம், பெண்ணியம் போல இதுவும் ஏதோ கொள்கை என்று தோன்றாதா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான ஐயம். முதல் முறை ‘சில்லிய இசை’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.

ஐந்து கருவிக்கு மட்டும் வழி தெரியவில்லை. விதிப்படி ‘ஐயியம்’, நாக்கு இடறுகிறது. ‘ஐவியம்’ என்றால் இலக்கணம் ஒப்புமா? அறிந்தவர்கள் சொல்லுங்கள், நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.