எம்.எஸ்சி. முடிந்ததும் நேராக பிஎச்.டி.யா, ஒரு வருஷம் லேபில் வேலையா?

மதுரை_கெம்:
எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். ஆர்கானிக் பக்கம் பிஎச்.டி. பண்ண ஆசை. ப்ராஜெக்ட் என்ற பெயரில் மூன்று மாதம் ஆறு பேர் ஒரே ரோட்டாவேப்பை (கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் கருவி) சுற்றி நின்றோம், நானே போட்ட ரியாக்‌ஷன் மொத்தம் நாலு இருக்கும். கேட் நுழைவுத் தேர்வு ஸ்கோர் இருக்கிறது, நெட் தேர்வு எழுதி வாங்கும் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) இன்னும் கிடைக்கவில்லை. ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் ப்ராஜெக்ட் அசோசியேட் (ப்ராஜெக்ட் முடியும்வரை லேபில் தற்காலிக வேலை) வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். அம்மா "இன்னும் ஒரு வருஷமா?" என்று ஆரம்பித்துவிட்டார். போகலாமா, இப்போதே அப்ளை பண்ணிவிடலாமா?

சிலிக்கா_ஜெல்:
போ தம்பி. நான் ஒன்றரை வருஷம் இருந்தேன், முதல் நாலு மாதம் காலம் (column, கலவையைப் பிரிக்கும் சிலிக்கா குழாய்) போட்டே காலம் போனது. ஆனால் டிஎல்சி தட்டில் (கலவையில் என்னென்ன இருக்கிறது என்று புள்ளிகளாகக் காட்டும் தட்டு) இரண்டு புள்ளி ஒட்டிக்கொண்டு பிரியாமல் நிற்கும்போது கரைப்பானில் எத்தில் அசிடேட்டைக் குறைத்து ஹெக்சேனைக் கூட்ட வேண்டும் என்று கைக்குப் பழகியது அங்கேதான். எம்.எஸ்சி. முடித்த கையோடு போன இன்டர்வியூவில் "உன் ப்ராடக்ட் அதுதான் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டார்கள், முழித்தேன். அடுத்த வருஷம் அதே கேள்வி வந்தது, போர்டில் என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் வரைபடம்) வரைந்து பீக் பீக்காகச் சொன்னேன். ஒன்று மட்டும், எனக்குச் சம்பளம் மூன்று மாதம் வராமல் மொத்தமாக வந்தது. சேருமுன் அந்த லேபில் இருக்கிற யாரையாவது பிடித்து விசாரி.

கேண்டீன்_டீ:
எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தியாவிலேயே படிப்பதானால் எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஜேஆர்எஃப் கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. காலம் போடுவதை அந்தக் காசிலேயே கற்றுக்கொள்ளலாமே. ப்ராஜெக்ட்டில் எவ்வளவு உழைத்தாலும் பிஎச்.டி. கணக்கு சேர்ந்த நாளிலிருந்துதான், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி குறைந்தது மூன்று வருஷம். லேபில் போகும் அந்த நேரத்தில் உட்கார்ந்து நெட்டுக்குப் படியுங்கள்.

பனிக்காற்று:
அமெரிக்கா யோசனை இருந்தால் கதை வேறு. பெரும்பாலும் மூன்று சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். "ஒழுக்கமான மாணவர், வகுப்பில் முதலிடம்" என்று நம் ஊர் பாணியில் எழுதியதை யாரும் மதிப்பதில்லை, பக்கத்தில் நின்று உங்கள் வேலையைப் பார்த்தவர் எழுத வேண்டும். நிறைய இடங்களில் கடைசித் தேதி டிசம்பரில் வரும். ஜூலையில் அந்த வேலையில் சேர்ந்தால் அங்குள்ள பேராசிரியர் உங்களைப் பார்த்திருப்பது ஐந்தே மாதம், அதனால் இந்த வருஷம் கடிதம் கேட்க அவசரப்படாதீர்கள். உள்ளூர் விண்ணப்பங்களை வேலையில் சேர்ந்த பிறகும் போடலாம், யார் தடுத்தது?

மதுரை_கெம்:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். விளம்பரத்தை இப்போதுதான் முழுசாகப் படித்தேன், முதலில் ஆறு மாதம், அப்புறம் நீட்டிக்கலாம் என்று போட்டிருக்கிறது. இது வழக்கம்தானா?

சிலிக்கா_ஜெல்:
வழக்கம்தான். ப்ராஜெக்ட் எந்த மாதத்தோடு முடிகிறது என்று மட்டும் கேட்டுவிடு, அது முடிந்தால் நீட்டிக்க ஃபண்ட் இருக்காது.