செல்லின் நியூக்ளியஸை (உட்கருவை) நேரில் பார்த்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

தொண்டி வாத்தியார்:
மீன் ரத்தத்தை ஸ்லைடு போட்டவர்களுக்குத் தெரியும். லீஷ்மன் சாயம் ஏறியதும் ஒவ்வொரு சிவப்பணுவும் நீள்வட்டமாக, நடுவில் ஊதா நியூக்ளியஸோடு நிற்கும். விடியக்காலை அப்பாவோடு வலைக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பையன் ஒருவன், கிழங்கானை உயிரோடு கொண்டுவந்திருந்தான். அதன் ரத்தத்தைப் பார்த்தான், அடுத்து மனித ரத்த ஸ்லைடைப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது. "சார், மீனுக்கு இருக்கு. நமக்கு ஏன் இல்ல?" ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் விட என்றேன். "அப்ப மீனுக்கு இடம் வேணாமா சார்?" மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

கீழக்கரை லேப்:
"நமக்கு இல்லை" என்று முடிக்காதீர்கள் சார். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது நம் சிவப்பணுவுக்கும் நியூக்ளியஸ் உண்டு. முதிரும்போதுதான் வெளியே தள்ளுகிறது. அப்புறம் புதுப் புரதம் செய்துகொள்ள வழியில்லாமல் சுமார் 120 நாளில் அதன் ஆயுள் முடியும். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் நியூக்ளியஸோடு சில சிவப்பணுக்கள் தென்படுவது இயல்பு. நான் பார்த்ததோ கடலுக்குப் போகும் ஒரு அண்ணனின் ஸ்லைடில். பெரியவர்கள் ரத்தத்தில் அது தெரிந்தால் மஜ்ஜைக்கு ஏதோ நெருக்கடி. டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் நின்று, "ரிப்போர்ட் ஆயிருச்சாம்மா? போட்டு கெளம்பப் போகுது" என்றார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

மண்டபம் பாசிக்கரை:
அம்மா பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து, கட்டக்கோரையோடு திராட்சைக் கொத்து மாதிரி ஒரு பச்சைப்பாசியும் சில நேரம் வரும், காலெர்பா. "இந்தக் கொடி மொத்தமும் ஒரே செல்லும்மா. உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது, நியூக்ளியஸ் மட்டும் ஏராளம்" என்றேன். அம்மா பேசாமல் அதை மூன்றாகப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார். "மூணும் பொழச்சு வளரும். இப்ப எத்தன செல்லு?" பிய்ந்த இடம் அடைபட்டு, தன்னிடம் தங்கிய நியூக்ளியஸ்களை வைத்தே துண்டு வளர்கிறது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பாறைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடங்களில் ஒரு செல்லுக்கு ஒரு நியூக்ளியஸ் என்று படம் போடுகிறீர்களே, இதையும் காட்டுங்கள்.

பாம்பன்காரன்:
கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி, மெத்திலீன் நீலம் விட்டு, என் நியூக்ளியஸை நானே பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. என் கதை அவ்வளவுதான்.

தொண்டி சார், மீன் ரத்தத்தில் வெறும் தண்ணீர் படக்கூடாது. சிவப்பணு உப்பி வெடித்து நியூக்ளியஸ் மட்டும் மிஞ்சும். கடல்தண்ணீரும் ஆகாது, அணு சுருங்கிவிடும். ரத்தச் சொட்டை அப்படியே மெல்லிசாக இழுத்து, உலரவிட்டு, சாயம் போடுங்கள். நியூக்ளியஸ் என்றால் நடுவில் ஒரு புள்ளி என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நம் செல் ஒன்றில் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ, ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றிக்கொண்டு அதற்குள் அடங்கியிருக்கிறது. சுற்றிலும் இரட்டைச் சவ்வு, அதில் துளைகள். டிஎன்ஏ உள்ளேயே இருக்கும், அதிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏதான் துளை வழியே வெளியே போகும். இதைச் சொல்லிவிட்டுச் சாயத்தைத் தொடுங்கள்.

அந்தப் பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைக்கும் சிவப்பணுவில் நியூக்ளியஸ் உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் அவ்வளவு தூரம் பறந்து வருகிறது. "இடம் விட" என்ற பதில் மட்டும் அவனுக்குப் போதாது சார்.