ரோட்ரிக்ஸ் தீவுக்குக் குடிபோகிறோம்: தபால் ஒழுங்கா வருமா, அங்கே யார் இருக்காங்க?

மதுமிதா, ரோஸ் ஹில்:

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு மொரீசியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவுல ஒரு ஹோட்டல் சமையல்கட்டுல வேலை கிடைச்சிருக்கு. அவர் முன்னாடி போறார், பையனுக்கு லீவு விட்டதும் நாங்களும் போகணும். மொரீசியஸ் பெரிய தீவுல இருக்கிற இந்த ரோஸ் ஹில்லே இப்பத்தான் கைக்குள்ள வந்த மாதிரி இருக்கு, அதுக்குள்ள அடுத்த தீவு.

மாமியார் கும்பகோணத்துலேர்ந்து அடிக்கடி பார்சல் போடுவாங்க. பருப்புப்பொடி, நார்த்தங்காய், பஞ்சாங்கம், பையனுக்குத் தமிழ்ப் புத்தகம், கூடவே எனக்குத் தைராய்டு மாத்திரை. பேங்க் கார்டு, பெர்மிட் காகிதம் எல்லாமே தபால்லதான் வருது. அங்கே போனா இதெல்லாம் கைக்கு வந்து சேருமா? விலாசம்னு என்னத்தை எழுதறது? வீடு பிடிச்சுக் கொடுத்தவர் அனுப்பின காகிதத்துல ஊர் பேர் மட்டும்தான் இருக்கு. தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை.

இன்னொண்ணு, அங்கே யார்தான் இருக்காங்க? தேடினா கடற்கரையும் ஆமையுமாத்தான் வருது. நம்ம ஆளுங்க உண்டா? இருந்துட்டு வந்தவங்க சொல்லுங்களேன்.

சிவா, த்ரியோலே:

நான் ரெண்டு தரம் போனதும் விடுமுறைக்குத்தான், அதனால முழுசாச் சொல்ல முடியாது. இங்கே இருக்கிற அதே தபால்துறைதான் அங்கேயும், அதே ஸ்டாம்ப்தான். 1847லேயே ஸ்டாம்ப் அடிச்ச நாடுன்னு நாங்க பெருமை பேசுவோம். போர்ட் லூயி காடன் மியூசியத்துல அந்தப் பழைய ஸ்டாம்ப் ரெண்டையும், சிவப்பையும் நீலத்தையும், பார்க்க டிக்கெட் எடுத்துப் போவோம். ஆனா கடைசியா எப்போ ஒரு கவர்ல ஸ்டாம்ப் ஒட்டினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. கொள்ளிடத்துக்காரி அக்கா அங்கே குடித்தனமே பண்ணினவங்க, அவங்களைக் கூப்பிடுறேன்.

கொள்ளிடத்துக்காரி:

வந்துட்டேன். மது, பயப்படாதே. தபால் வரும், ஆனா உன் வீட்டு வாசலுக்கு வரும்னு நினைச்சுக்காதே.

போர்ட் மாத்துரின் டவுனுக்குள்ள மட்டும்தான் தெருப் பேர் இருக்கு. அதைத் தாண்டினா ஊர் பேர்தான் விலாசம். நாங்க பே ஓ உயீத்ர் மேட்டுல இருந்தோம். கீழே ரோட்டோரம் ஒரு சின்னக் கடை, ரொட்டி, டின் மீன், கேஸ் சிலிண்டர் எல்லாம் விக்கிற கடை. மேட்டு வீடுகளுக்கு வர்ற கடிதமெல்லாம் அந்தக் கடையிலதான் வந்து நிக்கும். கடைக்கார அம்மா தராசுக்குப் பின்னாடி ரப்பர் பேண்ட் போட்டுச் செருகி வச்சிருப்பாங்க. என் பேரும் எங்க அப்பா பேரும் சேர்ந்து ஒரு முழ நீளம், அவங்க வாயில நுழையாது. அதனால எனக்கு வந்த கவர்மேல சிவப்புப் பேனாவால ஒரு பொட்டு வச்சிடுவாங்க. கடையைத் தாண்டிப் போறப்போ நெத்தியைத் தொட்டுக் காட்டினாங்கன்னா எனக்குக் கடிதம் இருக்குன்னு அர்த்தம். இது சும்மா ஒரு வேடிக்கைக்குச் சொல்றேன். இதை நம்பிப் பேங்க் கார்டை வரவழைக்காதே.

நீ செய்ய வேண்டியது: உன் வீட்டுக்காரர் பேர், ஹோட்டல் பேர், ஊர் பேர், ரோட்ரிக்ஸ், அதுக்குக் கீழே கட்டாயம் மொரீசியஸ். இந்தக் கடைசி வார்த்தையை மாமியார் விட்டுட்டா பார்சல் எந்தத் தேசத்துக்குப் போகும்னு எனக்குத் தெரியாது. பின்கோடு அங்கே ஆர் (R) எழுத்து, அதுக்கப்புறம் நாலு இலக்கம்னு வரும், இந்தப் பெரிய தீவுல மாதிரி அஞ்சும் எண்ணா இருக்காது. பெரிய எழுத்துல தொலைபேசி எண்ணும் எழுதச் சொல்லு. கவுண்டர்ல இருக்கிறவங்க விலாசத்தைத் தேடறதைவிடப் போன் அடிச்சுக் கூப்பிட்டுடுவாங்க, அதுதான் அவங்களுக்குச் சுலபம்.

இந்தியாவுலேர்ந்து நேரா எதுவும் அங்கே போகாது. எல்லாம் முதல்ல இந்தப் பெரிய தீவுல இறங்கிச் சுங்கத்தைத் தாண்டணும். அப்புறம் கடிதம் விமானத்துல, கனமான பார்சல் பெரும்பாலும் கப்பல்ல. பிளேன் கோராய் விமான நிலையத்துல ஓடுபாதை குட்டை. ஏடிஆர் 72, அந்தச் சின்ன விமானம்தான் இறங்கும். ஒண்ணரை மணி நேரப் பயணம்தான், ஆனா டிசம்பர்ல உல்லாசப் பயணிகளும் ஊருக்குத் திரும்புறவங்களும் மூட்டை முடிச்சோட ஏறினா மத்த சாமானுக்கு அதுல எவ்வளவு இடம் மிஞ்சும்? பொங்கலுக்கு வேண்டியதை நவம்பர் ஆரம்பத்துக்குள்ள வரவழைச்சுக்கோ. அப்புறம் புயல் சீசன் வேற. கிளாஸ் 3 எச்சரிக்கை போட்டாங்கன்னா தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், பேங்க் எல்லாம் அடைப்புதான்.

பார்சல்ல விதை, கிழங்கு, பச்சைக் கறிவேப்பிலை இதெல்லாம் வைக்கச் சொல்லாதே. செடிகொடி சம்பந்தப்பட்டதுக்கு முன்கூட்டியே அனுமதி வேணும். உள்ளே என்ன இருக்குன்னு ஒண்ணு விடாம எழுதச் சொல்லு. 'வீட்டுச் சாமான்'னு மொட்டையா எழுதினா பிரிச்சுப் பார்க்காம விடமாட்டாங்க. மாத்திரையை ஊர்லேர்ந்து வரவழைக்காதே. க்ரேவ் கேர்ல அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கு, காசு கிடையாது. டாக்டர் சீட்டை எடுத்துட்டுப் போய் அங்கேயே பதிஞ்சுக்கோ. பெரிய வியாதின்னா இந்தப் பக்கம் விமானத்துல அனுப்பிடுவாங்க.

நிஜத் தபால் வேற ஒண்ணு இருக்கு. இங்கே பிளேசான்ஸ் விமான நிலையத்துல ரோட்ரிக்ஸ் விமானத்துக்கு நிக்கிற வரிசையைப் பாரு. ஒருத்தர் கையில பிறந்தநாள் கேக் டப்பா, இன்னொருத்தர் தோள்ல மோட்டார்சைக்கிள் டயர். அங்கேயிருந்து திரும்பி வர்ற விமானத்துல காய்ஞ்ச கணவாய், எலுமிச்சை, குட்டி மிளகா ஊறுகாய், தேன். நம்ம ஊர்ல துபாய்க்காரர் ஊருக்கு வந்தா ஆளாளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவோமே, அதேதான். ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தராவது இங்கே வேலைக்கு வந்திருக்காங்க, அதனால யார் எப்போ வர்றாங்கன்னு ஊருக்கே தெரியும். கட்டிக் கொடுத்ததை வாங்கிட்டுப் போகாதே. கண் முன்னாடி பிரிச்சுக் காட்டினா மட்டும் எடுத்துக்கோ. நான் அப்படித்தான். ஒரு தடவை ஒரு பாட்டி கோவிச்சுக்கிட்டாங்க, கோவிச்சுக்கட்டும்.

இப்போ ஆளுங்க விஷயம். 2011 கணக்கெடுப்புல 40,434 பேர், 2022ல 43,650 பேர். பரப்பு 108 சதுர கிலோமீட்டர். மொத்தப் பேரும் ஒரு தாலுகா டவுனுக்குள்ள அடங்கிடுவாங்க. பிரெஞ்சுக்காரங்க காலத்துல மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கமிருந்து அடிமையாக் கொண்டுவந்தவங்களோட வம்சம்தான் பெரும்பாலும். பேச்சு கிரியோல், எழுத்து பிரெஞ்சும் இங்கிலீஷும். நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல கத்தோலிக்கர். சேன் காப்ரியேல் சர்ச்சுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு நடை போய்ப் பாரு. 1930கள்ல ஊர்க்காரங்களே மலைமேல கல்லும் மணலும் சுமந்து கட்டினது. டவுன்ல கொஞ்சம் சீனக் கடைக்காரங்க, கொஞ்சம் முஸ்லிம் வியாபாரிங்க. நம்ம ஆளுங்க விரல்விட்டு எண்ணலாம். அதுலயும் பாதிப் பேர் மாற்றலாகி வந்தவங்க, உன்னை மாதிரி. பெரிய கோயில் திருவிழான்னா இங்கேதான் வரணும்.

இதுல ஒரு கூத்து உண்டு. தைப்பூசம் நாடு முழுக்க அரசு விடுமுறை, அதனால அங்கேயும் தபால் ஆபீஸ் மூடியிருக்கும். நம்ம ஆளுங்களை விரல்விட்டு எண்ணுற ஊருக்குக் காவடி லீவு! நான் தைப்பூசத்தன்னைக்குச் சர்க்கரைப் பொங்கல் பண்ணி அந்தக் கடைக்கார அம்மாவுக்குக் கொடுத்தேன். "இதுக்குத்தான் லீவா?"ன்னு கேட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டாங்க.

ஊர் எப்படின்னு தெரியணும்னா பென்ஷன் நாளன்னைக்குத் தபால் ஆபீஸ் பக்கம் போ. பனையோலைத் தொப்பியோட பாட்டிங்க விடியக்காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பாங்க. வயசானவங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களும்தான் கண்ணுல படுவாங்க. நடு வயசுக்காரங்கள்ல நிறைய பேர் இங்கே கட்டட வேலையிலயும் கடைகண்ணியிலயும். காசு அங்கே போகும், கணவாய் இங்கே வரும். விடுமுறைக்கு வர்றவங்களும் பெரும்பாலும் மொரீசியஸ்காரங்களும் பக்கத்து ரியூனியன் தீவுக்காரங்களும்தான், வேற தேசத்துக்காரங்க குறைச்சல். உல்லாசத் தீவுன்னதும் நீ நினைக்கிற ஆடம்பரம் அங்கே இல்லை. எனக்கு அதுதான் பிடிச்சது, உனக்கு எப்படியோ.

தபாலைப் பத்தி இவ்வளவு கவலைப்படுறியே, தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே! குழாய்ல தண்ணி தினமும் வராது. வாரக்கணக்குல வராம இருந்ததும் உண்டு. கூரைத் தண்ணியைப் பிடிக்கத் தொட்டி இருக்கா, எத்தனை லிட்டர், மூடி இருக்கான்னு பார்த்துட்டு அட்வான்ஸ் கொடு.

வேம்பார் மாலுமி:

கப்பல் பத்தி நான் சொல்றேன், அந்தத் தண்ணியில வேலை பார்த்தவன். போர்ட் லூயிலேர்ந்து போர்ட் மாத்துரினுக்குச் சுமார் 560 கிலோமீட்டர். போகும்போது தென்கிழக்குக் காத்து முகத்துல அடிக்கும், ஒண்ணரை நாள் ஆயிடும். திரும்பறப்போ அதே காத்து முதுகுல, ஒரு நாள்ல வந்துடலாம். நான் வேலை பார்த்த காலத்துல மொரீசியஸ் திரோசேத்தியாங்கிற கப்பல்ல மாவு மூட்டை, சிமெண்ட், பயணிங்க, பார்சல் எல்லாம் ஒண்ணாத்தான் போச்சு. கப்பல் கட்டுற அன்னைக்கு டவுனே துறைமுகத்துலதான். ஒண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க தங்கச்சி, கண்ணாடிப் பாட்டில்ல ஊறுகாய் அனுப்பச் சொல்லாதீங்க. அந்த ஆட்டத்துக்கு எந்தப் பாட்டிலும் தாங்காது.

ரோட்ரிக்ஸே தூரம்னு நினைச்சா மொரீசியஸோட இன்னொரு தீவு அகலேகாவைப் பாருங்க. வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. 2022ல 330 பேர். வருஷத்துக்குச் சில தடவை கப்பல் வரும், அதுதான் அரிசி, அதுதான் தபால். 2024ல இந்தியா கட்டிக் கொடுத்த ஓடுபாதை திறந்தாங்க, இனிமே எப்படியோ.

இன்னொரு தகவல். 1901லயே ரோட்ரிக்ஸ் வழியாக் கடலடித் தந்தி போட்டாச்சு, ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவுல அது ஒரு நிலையம். ஆனா வேகமான இணையம் 2019ல கடலடிக் கேபிள் வந்த பிறகுதான். மாமியாரோட வீடியோ கால் பேசறதுக்கு இப்போ குறை இல்லை.

கணக்கர், கேத்ர் போர்ன்:

கொள்ளிடத்துக்காரி சொன்னதுல ஒண்ணு எனக்கு ஒத்துக்காது. ஹோட்டல் விலாசம் போட வேண்டாம். வேலை மாறினா கடிதம் அங்கேயே கிடக்கும், முதலாளி கையில நம்ம பேங்க் கவர் எதுக்கு? போர்ட் மாத்துரின் தபால் ஆபீஸ்ல பெட்டி காலியா இருக்கான்னு கேட்டு எடுத்துக்கோங்க. கூரியர்னா முன்கூட்டியே பேசிக்கோங்க. எனக்கு ஒரு நிறுவனம் சென்னையில மொரீசியஸ்னு காசு வாங்கிட்டு, ரோட்ரிக்ஸ்னதும் போர்ட் லூயி ஆபீஸ்ல வந்து எடுத்துக்கோன்னாங்க. ஒரு கவருக்காக விமான டிக்கெட்டா எடுக்க முடியும்?

கொள்ளிடத்துக்காரி:

பெட்டி கிடைச்சா நல்லதுதான் சார். ஆனா பெட்டி டவுன்ல, இவங்க வீடு எந்த மலைக்கு அந்தப் பக்கமோ. பஸ் சாயங்காலத்தோட நின்னுடும். வாராவாரம் சனிக்கிழமைச் சந்தைக்கு இறங்கறப்போ பார்த்துக்கலாம்னா சரி. சந்தையும் விடியக்காலையில ஆரம்பிச்சுப் பத்து மணிக்குள்ள கலைஞ்சிடும், மது. தூங்கிட்டுப் போனா கொத்தமல்லிகூட மிஞ்சாது.

மதுமிதா, ரோஸ் ஹில்:

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. தொட்டி விஷயம் கேட்டேன், இருக்காம், மூடிதான் இல்லையாம். பேங்க் கார்டு மட்டும் இன்னும் குழப்பம். வரப்போற கார்டை என்ன பண்ண?

கணக்கர், கேத்ர் போர்ன்:

தபால்ல வேண்டாம்னு இப்பவே உங்க கிளையில எழுதிக் கொடுங்க. போர்ட் மாத்துரின்ல அவங்களுக்குக் கிளை இருந்தா அங்கே மாத்திவிடச் சொல்லுங்க, அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கலாம். பெர்மிட் காகிதத்துக்கு ஹோட்டல் ஆளே பொறுப்பு, அதை வேலைக் கடிதத்துல எழுதி வாங்குங்க.

கொள்ளிடத்துக்காரி:

மூடி போட்டுக் கொடுத்தாத்தான் வாடகைன்னு சொல்லு, கொசு பிடுங்கிடும்.